ஏறிக் காட்டின வண்டி

எங்கள் வீட்டு மிக்ஸி, கடையில் காட்சிக்கு வைத்திருந்தது. ஹாலில் சுற்றுகிற ஃபேனும் அப்படித்தான். என் கணவர் பிரபாகருக்கு எதை வாங்குவதானாலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்த்த அதே பொருளைத்தான் கையோடு எடுத்து வரவும் வேண்டும். கடைக்காரர் உள்ளே போய்ச் சீல் பிரிக்காத பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தால் இவர் முகம் மாறிவிடும். அது ஓடியது, இது ஓடுமா என்று யாருக்குத் தெரியும் என்று கேட்பார். கடைக்காரர் தோற்றுப்போய்க் காட்சிப் பொருளைத் துடைத்துக் கொடுத்துவிடுவார்.

இது அவர் தொழிலில் இருந்து வந்த பழக்கம். கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். ஆள் கணக்கு, மூட்டைக் கணக்கு, தண்ணீர் மோட்டார், பழம் தோலுரிக்கும் மிஷின் எல்லாம் அவர் பொறுப்பு. சேலத்தில் வாங்கிய மோட்டார் மலைக்கு வந்தபின் ஓடவில்லை என்றால், அதை மறுபடி இறக்கிக்கொண்டுபோய் வழக்குப் பேசி மாற்றி வருவதற்குள் பறித்த பழம் புளித்துவிடும். ஆகவே கடைக்காரன் வாயை நம்புவதைவிடத் தன் காதை நம்புவது நல்லது என்பது அவர் கட்சி. மூட்டைகளுக்கும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். கீழே அனுப்பும் ஒவ்வொரு மூட்டையின் வாய்த் தையலிலும் ஓரத்தில் ஊசியை ஒரு முறை திருப்பி விடுவார். வழியில் மூட்டை மாறினால் அவருக்குத் தெரிந்துவிடும். மாற்றியவனுக்குத் தெரியாது.

கார் வாங்குவது என் யோசனை. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் நான் மேட்ரன். வீடு கரடியூர்ச் சாலையில். அதிகாலைப் பனியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவதும், மழைக்காலத்தில் நனைந்த சேலையோடு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதும் இத்தனை வருடம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போன மழையில் பாசி பிடித்த வளைவொன்றில் பைக் சறுக்கி இருவரும் விழுந்தோம். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு விடுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான், கார் என்ற எண்ணம் முதலில் வந்தது. அது எங்கோ வெகுநாளாக உட்கார்ந்திருந்து, எனக்கு ஓய்வு கிடைத்த அன்று எழுந்து வந்ததுபோல இருந்தது. அதற்கு முன்பே, மே விடுமுறையில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தேன். எதற்காகக் கற்றுக்கொண்டேன் என்று அதுவரை என்னையே நான் கேட்டதில்லை.

சேலத்து ஷோரூமில் செங்கல் நிறத்தில் ஒரு சின்னக் கார் பிடித்துப் போயிற்று. ஹரிஹரன் என்ற இளைஞர்தான் எங்களைக் கவனித்துக்கொண்டார். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்றார். சமநிலத்தில் எந்த வண்டிதான் ஓடாது, மேலே ஏற்றிக் காட்டுங்கள் என்றார் பிரபாகர். மலைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள், அதற்கென்றே ஒரு வண்டி இருக்கிறது என்று சொல்லி ஹரிஹரன் சாவியை எடுத்து வந்தார். இப்போது யோசித்தால், அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் இருந்தது. எங்கள் இருவர் காதிலும் அது விழுந்தது, உள்ளே போகவில்லை.

நான்தான் ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது முனகாமல் ஏறியது. மேலே ஹரிஹரன் டீ குடிக்கப் போன நேரத்தில் பிரபாகர் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, அடியில் மூட்டைக்குப் போடும் மையால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். எதற்கு என்று கண்ணால் கேட்டேன். "மாத்திக் குடுத்துட்டா?" என்றார், தாழ்ந்த குரலில்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் ஹரிஹரன், பதிவு செய்யுங்கள், இதே நிறத்தில் புதியது சில வாரத்தில் வந்துவிடும் என்றார். பிரபாகர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏறிக் காட்டிய வண்டிதான் வேண்டும், வேறொன்று வேண்டாம் என்றார். நானும் தலையாட்டினேன். ஹரிஹரன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவர் உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார்.

"தாராளமா எடுத்துக்கங்க மேடம்," என்றார் மேனேஜர். "ஷோரூம்ல நின்னுட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். புது வண்டிதானுங்க. பில்லும் புதுசுக்கு, வாரண்டியும் புதுசுக்கு. ஆர்சி புக்குல முதல் பேரு உங்களோடது."

மீட்டரிலும் ஓடிய தூரம் கொஞ்சம்தான் காட்டியது. அந்த எண்ணைக் குறைக்கவும் சீட்டுக்குப் புதிய பிளாஸ்டிக் உறை மாட்டவும் வழி உண்டு என்பது பிறகு குடைக்கடை யூசுப் பாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வண்டியைக் கையில் கொடுத்த அன்று, மாலையும் பூசணிக்காயும் கேக்குமாக ஷோரூமே எங்களைச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தபோது பிரபாகர் டிக்கிப் பக்கம் போய்க் குனிந்து நிமிர்ந்தார். முகமெல்லாம் வெளிச்சம். என் பக்கத்தில் வந்து, "அதேதான் செல்வி. மாத்தலை," என்றார்.

என் முழுப்பெயர் ஆரோக்கியசெல்வி. விடுதியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மேட்ரன் என்பதுதான் அங்கே என் பெயர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புதிய பெட்டிகள் வந்து குவியும். புதிய போர்வை, புதிய துண்டு, புதிய காலணி. ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரைத் தைப்பதும் எழுதுவதும் என் வேலை. கஞ்சி போகாத துணியின் வாசனையும், ரப்பர் செருப்பின் வாசனையும் ஒரு வாரம் என் கையில் இருக்கும். யாரும் உடுத்தாததை முதலில் பிரித்துப் பார்ப்பவள் நான்தான். ஆனால் அது எனக்கு அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் காரின் கதவைத் திறந்து முதல் நாள் உட்கார்ந்தபோது, பிரிக்காத பிளாஸ்டிக் உறைகளுக்கு நடுவே அதே வாசனை வந்தது. இது யார் பெயரைத் தைப்பதற்கு என்று கை தேடியது. பிறகுதான் புரிந்து சிரித்துக்கொண்டேன்.

உறைகளைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோயிலில் ஃபாதர் வந்து ஜெபம் சொல்லிப் புனித நீர் தெளித்தார். நான் ஓட்ட, பிரபாகர் பக்கத்தில் உட்கார்ந்து தேவையில்லாத இடத்தில் எல்லாம் கால் பிரேக்கை அழுத்துவதுபோல் தரையை அழுத்திக்கொண்டு வர, ஒரு மாதம் போயிற்று. அறுவடைக் காலம். எஸ்டேட்டில் களம் முழுக்கக் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நிம்மதியாக ஒரு மாதம் இருந்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற முக்கில் முகமது யூசுப் பாயும் அவர் மனைவி ரஹமத் பீவியும் குடை, ஸ்வெட்டர், டார்ச் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு மழைக் கோட்டு வாங்குவது அவர்களிடம்தான். ரஹமத் அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு சனிக்கிழமை மதியம் கடை வாசலில் அவரை வீடு வரைக்கும் கொண்டுவிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். ஏறி உட்கார்ந்தவர் கால் நீட்ட இடம் தேடினார்.

"ஏங்கண்ணு, இந்தச் சீட்டைப் பின்னால தள்ளுனாக் கிறீச்சுன்னு கத்துமே, சரி பண்ணிட்டாங்களா?"

"கத்தாதுங்க்கா. புது வண்டி."

அவர் கையைக் கீழே விட்டு இழுத்தார். கத்தியது. முன் சீட்டில் எப்போதும் பிரபாகர்தான் உட்காருவார். உட்கார்ந்த இடத்தில் அசையாத மனிதர், அந்தப் பிடியை அவர் தொட்டதே இல்லை.

ரஹமத் அக்கா வெற்றிபெற்ற மாதிரி எல்லாம் பார்க்கவில்லை. தெரிந்தவர் வீட்டுக்கு வந்ததுபோல் சீட்டைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தார். போன வருடம் மலர்க் கண்காட்சி நடந்தபோது ஷோரூம்காரர்கள் பந்தல் போட்டு இந்த வண்டியை நிறுத்தியிருந்தார்களாம். ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு குடை இலவசம். "குடைக்கடை வச்சிருக்கற மனுசன், அந்தக் குடைக்காவ மூணு வாட்டி ஓட்டினாரு. மூணாம் வாட்டி என்னையும் ஏத்திக்கிட்டாரு. எனக்கு வளைவுல குமட்டிப் போச்சு. அப்பத் தள்ளுனதுதான் இந்தச் சீட்டு."

இதே நிறத்தில் எத்தனையோ வண்டி இருக்கும் என்றேன். அதற்குள் யூசுப் பாய் கடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டுநர் கதவின் உள்பக்கம் கீழே ஒரு கீறலைக் காட்டினார். அது தன் கடைச் சாவிக்கொத்து பட்டது என்றும், அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். பேச்சைக் கேட்டு ஆட்டோ ஓட்டும் தங்கராஜ் வந்தார். அவரும் ஓட்டியிருக்கிறார். எதிர்க் கடையில் பலாப்பழம் அறுக்கிறவர் ஓட்டியிருக்கிறார். லைசென்ஸ் இல்லாத அவர் மச்சானும் ஓட்டியிருக்கிறார்.

"ஏனுங்க மேட்ரனம்மா," என்றார் தங்கராஜ், நல்ல மனதோடு, "ரெண்டாவது கியர் நொம்ப மொரண்டு பண்ணுமே, இப்ப எப்படிங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் முகம் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே வெளியிலிருந்து தெரிந்தது. ஊரே ஓட்டிய வண்டிக்குள் நான் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பிரபாகரிடம் சொன்னேன். அவர் முதலில் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் இன்னும் நல்லதுதானே, நம் ஊர் ஆட்கள் இத்தனை பேர் ஏற்றி இறக்கியும் வண்டி தாங்கியிருக்கிறது என்றார். மனதாரத்தான் சொன்னார். அவருக்கு அது ஒரு நற்சான்று. எனக்கு என்ன வலிக்கிறது என்று எனக்கே தெளிவாகத் தெரியாதபோது இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது?

திங்கள்கிழமை, முதல் சர்வீசுக்கு நாள் கேட்பதற்காகக் கார் கம்பெனியின் எண்ணுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பேசிய பெண் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். இலவச சர்வீஸ் காலமெல்லாம் முடிந்துவிட்டதே என்றாள். போன மாதம்தான் வாங்கினேன் என்றேன்.

"உங்க வண்டி போன மார்ச்லயே டெலிவரி ஆயிட்டதா காட்டுது மேடம். வாரண்டி அன்னைக்கே ஸ்டார்ட் ஆயிடுச்சு."

போன மார்ச்சில் எனக்குக் கார் என்ற எண்ணமே கிடையாது. அப்போது இந்த வண்டி யாருக்கும் விற்கப்படவும் இல்லை. பிறகு விசாரித்தால், மார்ச் கடைசியில் விற்பனை எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் அவசரத்தில், விற்றுவிட்டதாகக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு ஷோரூமிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருட வாரண்டியில் கிட்டத்தட்ட ஒரு வருடம், மலர்க் கண்காட்சிப் பந்தலிலும் மலைச்சாலையிலுமாகக் கழிந்துவிட்டது. மலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு அது சாதாரணமல்ல. கிளட்சும் பிரேக்கும் இங்கே தேய்கிற வேகமே வேறு. வாரண்டியில் எது சேரும் எது சேராது என்று ஷோரூம்காரரோடு வாதாட வேண்டிய நாள் எப்படியும் வரும். வரும்போது கையில் காலம் இருக்க வேண்டும்.

விடுதியில் அன்று துணி மடித்துக்கொண்டே யோசித்தேன். ஜூன் மாதம் பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும்போது ஒரே கேள்விதான் கேட்பார்கள். "பாத்துக்குவீங்கல்ல?" பெரிய வக்கீலாக இருந்தாலும் எஸ்டேட் முதலாளியாக இருந்தாலும் அந்த இடத்தில் குரல் ஒன்றுதான். பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்வேன். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு அவர்கள் மலை இறங்குவார்கள். பிள்ளை விழுவான், காய்ச்சல் வரும், அழுவான். இவை எதுவும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் நான் இருக்கிறேன் என்பதுதான் பேச்சு. அந்தப் பொறுப்பு போன வருடமே தொடங்கிப் பாதி தீர்ந்துவிட்டது என்று எந்தத் தாயிடமாவது நான் சொல்ல முடியுமா?

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நிதானமான, துணி மடிப்பு கலையாத கோபம். எனக்கு என்ன வேண்டும் என்பதும் அதோடு தெரிந்துவிட்டது. யாரும் தொடாத வண்டி வேண்டும். அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு நான் சாவி வாங்கும் நிமிடத்தில் தொடங்க வேண்டும்.

புதன்கிழமை சேலம் போவதென்று முடிவாயிற்று. சாட்சிக்கு நாங்களும் வருகிறோம் என்று யூசுப் பாய் கடையைச் சாத்திவிட்டு ரஹமத் அக்காவோடு வந்து ஏறிக்கொண்டார். அக்காவுக்குக் கொண்டை ஊசி வளைவு ஆகாது என்பதால் வளைவு குறைந்த குப்பனூர்ப் பாதையில் இறங்கினோம். வழியெல்லாம் பாய், இரண்டாவது கியரைக் கவனி, இப்போது முரண்டு பண்ணும் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அது ஒரு முரண்டும் பண்ணவில்லை. நல்ல வண்டிதான் அது. அன்று காலை அதன் மேல் எனக்குப் பாசமாகக்கூட இருந்தது. எந்தத் தப்பும் செய்யாததை வழக்குக்குக் கூட்டிப் போவதுபோல இருந்தது.

மேனேஜர் முதலில் இதை ஒரு கம்ப்யூட்டர்க் கோளாறாக்கப் பார்த்தார். தேதி தவறாக ஏறியிருக்கும், எழுதிப் போட்டால் திருத்திவிடுவார்கள் என்றார். ரஹமத் அக்கா செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அதில் யூசுப் பாய் கம்பெனி பெயர் போட்ட குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு செங்கல் நிற வண்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். இந்த நிறத்தில் வண்டிகள் நிறைய உண்டு என்றார் மேனேஜர். வா தம்பி, வந்து சீட்டை இழுத்துப் பார் என்று அக்கா எழுந்தார். மேனேஜர் எழவில்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், புதுசு வருதுன்னு ஹரிஹரன் சொன்னாரு. நீங்கதான் இதே வண்டி வேணும்னு நின்னீங்க."

அது உண்மை. ஹரிஹரன் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரபாகரின் காது சிவந்துவிட்டது. எனக்குள்ளும் ஏதோ ஒன்று எழுந்து, போகட்டும், தப்பு நம்மேலும் இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றது. இந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பாதித் தப்பு என்னுடையது என்று தெரிந்தால் முழு நஷ்டத்தையும் ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுவேன். அதை நல்ல குணம் என்று வேறு நினைத்திருந்தேன்.

"இதே வண்டி வேணும்னு கேட்டம், நெசந்தானுங்க," என்றேன். "ஓட்டுனதைப் புதுசுன்னு சொல்லச் சொல்லி நாங்க கேக்கலைங்களே."

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றும், கம்பெனிக்கும் எழுதுவேன் என்றும் அதே குரலில் சொல்லி முடித்தேன். சாட்சிக்கு ஒண்டிக்கடையிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு குடை கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் யூசுப் பாய்.

மேனேஜர் உள்ளே போய் முதலாளியோடு நெடுநேரம் போனில் பேசினார். வெளியே வந்தபோது இரண்டு வழி சொன்னார். ஒன்று, இதே வண்டியை வைத்துக்கொள்ளலாம். கம்பெனி தேதியைத் திருத்தித் தரும், அதற்கு மேல் இரண்டு வருட வாரண்டி ஷோரூம் செலவில். இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளலாம். பதிவுச் செலவு அவர்களுடையது, வந்து சேர ஒரு மாதம் ஆகும்.

முதல் வழியைக் கேட்டதும் பிரபாகர் முகம் மலர்ந்தது. ஏறிக் காட்டிய வண்டி, அதற்கு மேலே கூடுதல் வாரண்டியும். அவர் கணக்கில் இதைவிட லாபம் ஒன்று இருக்க முடியாது. யோசித்தால் எனக்கும் அதுதான் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. ஆம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கொஞ்சம் இருங்கள் என்று எழுந்து ஷோரூமின் மறுபக்கம் போனேன். யாருக்கோ கொடுப்பதற்காகக் கழுவித் துடைத்த ஒரு கார் அங்கே நின்றது. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். அந்த வண்டி எப்படி ஏறும், எந்த இடத்தில் கத்தும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது எனக்குப் பயமாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை.

பின்னாலேயே பிரபாகரும் வந்து நின்றார். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர். திரும்பி மேனேஜரிடம் கேட்டார்: "புதுசு வந்ததுன்னா, மலை ஏத்திப் பாத்துட்டு எடுத்துக்கலாமுங்களா?"

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏத்தலாங்க சார். ஏத்திட்டு எறக்குனா அந்த வண்டிக்கு என்னங்க பேரு?"

முதலில் சிரித்தது யூசுப் பாய். அடுத்து ஹரிஹரன், அடக்க முடியாமல். பிரபாகர் ஒரு கணம் எல்லோரையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். தன் மேலேயே சிரிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவரோடு இத்தனை வருடம் சுலபமாக ஓடியது. ஆனாலும் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஏறுனதை உட்டுட்டு ஏறாததை வாங்கறயா செல்வி?" என்றார்.

"ஆமாங்க. ஏறலைன்னா வந்து கேக்கறதுக்குத்தானுங்க வாரண்டி."

அவர் பக்கத்தில் நின்ற காரின் பானெட்டை விரலால் ஒரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு, உன் வண்டி, உன் இஷ்டம் என்றார். அதில் வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

அந்த ஒரு மாதமும் ஒண்டிக்கடை எங்களை விடவில்லை. புதிய வண்டி எந்தக் கண்காட்சியில் நிற்கிறது என்று தங்கராஜ் தினமும் கேட்டார். இரண்டாம் தடவை ஜெபம் சொல்ல வேண்டுமென்று ஃபாதரிடம் போனபோது, இந்த முறை சேஸிஸ் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தெளிப்பேன் என்றார். பிரபாகர் வாரண்டிப் புத்தகத்தை எங்கிருந்தோ வரவழைத்து முழுவதும் படித்தார். படித்துவிட்டு, இதில் விலக்கு எத்தனை இருக்கிறது தெரியுமா என்று ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினார். மனிதர்கள் கொடுக்கும் வாக்கு எல்லாவற்றிலும் விலக்கு உண்டுதான் என்றேன். பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் சொல்வதிலும் உண்டு. நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

வண்டி வந்தது. இந்த முறை வெள்ளை. செங்கல் நிறம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மாலையையும் கேக்கையும் ஒதுக்கச் சொல்லிவிட்டு, சாவியைத் தொடுவதற்கு முன்பே கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, சேஸிஸ் எண்ணைப் படித்தேன். வாரண்டி எப்போது தொடங்குகிறது என்று கேட்டேன்.

"இன்னைக்குத் தேதி மேடம்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். கேட்காமல் போனதால் அல்ல.

மேலே நான்தான் ஓட்டினேன். பிரபாகர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையைக் கைப்பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்தபடி எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வந்தார். மோட்டார் வாங்கப் போகும்போது வைத்துக்கொள்ளும் அதே முகம். முதல் வண்டியில் நான் ஏறும்போது, அது ஏறும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. என் வேலை சும்மா உட்கார்ந்திருப்பதுதான். இதற்கு எதுவும் தெரியாது. எந்த இடத்தில் கியர் இறக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று நானும் அதுவும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு வளைவில் அவசரப்பட்டேன், அடுத்ததில் தாமதித்தேன், அதற்கடுத்தது சரியாக வந்தது.

பாதி மலையில், செங்குத்தான திருப்பம் ஒன்றில், மேலேயிருந்து பஸ் இறங்கியது. மலைச்சாலையில் ஏறுகிறவர்களுக்குத்தான் முதல் வழி. ஆனால் பஸ்காரருக்கு இடம் போதவில்லை. ஏற்றத்தில் அப்படியே நிறுத்த வேண்டியதாயிற்று. பஸ் உரசாத குறையாகக் கடந்து போனது. பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பிரபாகர் கை கைப்பிரேக்கைப் பிடித்தது.

"கையை எடுங்க," என்றேன்.

எடுத்துவிட்டார். கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி ஒரு கணம் பின்னால் அசைந்தது. லாரிக்காரர் ஹாரனை நிறுத்திவிட்டார். அந்தக் கணத்தில் நான் ஜெபம் எதுவும் சொல்லவில்லை, யாரையும் நினைக்கவும் இல்லை. என் பாதத்தின் கீழே எஞ்சின் பிடிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிடித்தது. மூக்கை ஒரு தரம் தூக்கிவிட்டு வண்டி திருப்பத்தைச் சுற்றி மேலே போனது.

காப்பித் தோட்டங்கள் தொடங்கின. போன வாரத்து மழைக்குச் செடியெல்லாம் பூத்திருந்தது. பிரபாகர் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"ஏறிடுச்சு," என்றார், கொஞ்சம் மனசில்லாமல்.

"இன்னும் ஊடு வரலைங்க," என்றேன்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தார். அது எந்தச் சத்தமும் போடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கியரை மாற்றி, கரடியூர்ச் சாலைக்குத் திருப்பினேன்.